ரவுட்டரை அணைத்தும் நீங்காத தடை

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். ஃபைபர் இணைய இணைப்பு இருக்கிறது. ஒரு மாதமாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று படங்களைக் காட்டிக் கேட்கிறது. வங்கித் தளமோ ‘உங்கள் ஐபி முகவரி தடுக்கப்பட்டுள்ளது’ என்கிறது. தங்க வந்த ஒருவர், ரவுட்டரைப் பத்து நிமிடம் அணைத்து வைத்தால் முகவரி மாறிவிடும் என்றார். செய்து பார்த்தோம், தடை அப்படியே இருந்தது. என் மகன் ரவுட்டருக்குள் போய் 192.168.1.1 என்று இருந்ததை 192.168.5.1 என்று மாற்றினான். தடை நீங்கவில்லை, அன்றிலிருந்து வாசல் கேமராவும் கைப்பேசியில் தெரிவதில்லை. ரவுட்டருக்குப் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் குத்தினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். குத்தலாமா? முகவரியை மாற்றுவது சட்டப்படி தப்பா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, முதலில் அந்த ஊசியைக் கீழே வையுங்கள். அந்தத் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால், ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் அழிந்தால் பரவாயில்லை, மறுபடி வைத்துக்கொள்ளலாம். இணைப்புக் கொடுக்க வந்தவர் அதற்குள் பதிந்துவிட்டுப் போன பயனர் பெயர், அதற்கான கடவுச்சொல், விலான் எண் (நிறுவனத்தின் வலையமைப்பில் உங்கள் இணைப்பைப் பிரித்துக் காட்டும் எண்) ஆகியவையும் சேர்ந்தே போய்விடும். சில நிறுவனங்கள் அவற்றைத் தங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே திரும்ப ஏற்றிவிடும். மற்ற இடங்களில் ஆள்தான் வர வேண்டும். அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்றால் மாலைக்குள் ஒருவர் வந்துவிடுவார். உங்கள் வீட்டுக்கு அவர் அடிவாரத்திலிருந்து 20 வளைவுகள் ஏறி வர வேண்டும். அறைகளில் ஆட்கள் இருக்கும் ஒரு சனிக்கிழமையில் அந்தக் காத்திருப்பு உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, இரண்டே நிமிடத்தில் முடியும் ஒரு சோதனை. உங்கள் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே வங்கித் தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் சிக்கல் வீட்டு இணைப்பின் முகவரியில்தான். அங்கேயும் திறக்காவிட்டால் வங்கிக் கணக்கிலோ கைப்பேசியிலோ ஏதோ இருக்கிறது; ரவுட்டரைத் தொடுவதே வீண். இதைச் செய்யாமலே ரவுட்டரை மாற்றி, பிறகு நிறுவனத்தையும் மாற்றி, கடைசியில் வங்கிக்குப் போய்த் தீர்வு கண்டவர்கள் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் முகவரிதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மகன் மாற்றியதற்கு வருகிறேன். அவர் மாற்றியதும் முகவரிதான், ஆனால் வங்கி பார்க்கிற முகவரி அது இல்லை. தோட்டம் வைத்திருக்கும் உங்களுக்கு இது உடனே புரியும். ஒரு எஸ்டேட்டில் லயன் வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, எண் போட்டிருப்பார்கள். அந்த எண் எஸ்டேட் எல்லைக்குள் மட்டும் செல்லும்; பக்கத்து எஸ்டேட்டிலும் ஓர் ஐந்தாம் எண் வீடு இருக்கும். வெளியூரிலிருந்து வரும் கடிதத்தில் எஸ்டேட் பெயரும் ஏற்காடு 636601 என்பதும் இருந்தால் போதும், அது மலையேறி வந்துவிடும். அலுவலகத்தில் கணக்கப்பிள்ளை அதை வாங்கி, எந்த லயனில் யாருக்கு என்று பார்த்துக் கொடுத்தனுப்புவார். உங்கள் வீட்டில் அந்தக் கணக்கப்பிள்ளையின் வேலையை ரவுட்டர் செய்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் லயன் எண்கள். 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படியே. வீடுகளும் அலுவலகங்களும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று இந்த மூன்று தொகுதிகளையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு வீட்டிலும் 192.168.1.1 உண்டு, அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டிலும் உண்டு. வெளியுலகம் அதைப் பார்ப்பதே இல்லை.

கேமரா மறைந்ததற்கும் காரணம் இதுதான். கேமராவைப் பொருத்தியவர் அதற்கு 192.168.1 வரிசையில் ஏதோ ஓர் எண்ணை நிலையாக எழுதி வைத்திருப்பார். கைப்பேசிகளும் கணினிகளும் ரவுட்டரிடம் கேட்டு எண் வாங்கிக்கொள்பவை. அவை புது வரிசைக்கு மாறிவிட்டன. கேமரா மட்டும் பழைய எண்ணிலேயே நின்றுகொண்டு, இல்லாமல் போன 192.168.1.1 என்ற வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறது. மகனிடம் சொல்லி, 192.168.5.1 என்பதை மறுபடி 192.168.1.1 என்று ஆக்கச் சொல்லுங்கள். ஆனால் இன்றைக்கே வேண்டாம். அந்தக் கேமராவை இணையத்தில் மறுபடி சேர்ப்பதற்கு முன் அதில் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளி முகவரிக்கு வருவோம். இப்போது புழக்கத்தில் இருக்கும் பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகத்தின் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் ரேஷன் முறையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்த நிறுவனங்களிடம் வீட்டுக்கு ஒன்று கொடுக்க முகவரி கிடையாது. அதனால் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குச் சிஜிநாட் என்று பெயர். பல எஸ்டேட்டுகளுக்கும் சேர்த்து ஒரே அஞ்சல் பெட்டி வைத்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி எண்ணிலிருந்து யாரோ ஒருவர் மோசடிக் கடிதம் அனுப்பினால், பெறுபவர் அந்தப் பெட்டி எண்ணிலிருந்து வரும் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். நீங்கள் படும் தொல்லை, முகம் தெரியாத யாரோ ஒருவரால் வந்ததாகவும் இருக்கலாம்.

நீங்கள் எந்த வகை என்பதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கைப்பேசியை வைஃபையில் வைத்து, பிரவுசரில் 192.168.5.1 என்று தட்டுங்கள். உள்ளே போவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். மகன் மாற்றியிருந்தால் அவரிடம் கேளுங்கள். ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் ‘வான்’ (WAN, வெளி இணைப்பு) என்ற தலைப்பின் கீழ் ஓர் ஐபி முகவரி இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி, கூகுளில் என் ஐபி முகவரி என்ன என்று தேடி, வெளித் தளம் ஒன்று காட்டும் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தளம் எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் கலந்த நீண்ட முகவரியைக் காட்டினால் அது புதிய முறையைச் சேர்ந்தது. நமக்கு இப்போது வேண்டியது புள்ளி வைத்த நான்கு எண்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வெளி முகவரி இப்போதைக்கு உங்கள் வீட்டுக்கு மட்டுமே உரியது. ரவுட்டர் காட்டுவது 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால் நீங்கள் பொதுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இதற்கென்றே 2012இல் ஒதுக்கிய வரிசை அது. 10 என்றோ 172.16 முதல் 172.31 வரை என்றோ தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்றே தொடங்கினால், ஃபைபர் வந்து சேரும் பெட்டியே ஒரு ரவுட்டராக இருந்து, அதற்குப் பின்னால் நீங்கள் இன்னொன்றை வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது அந்த முதல் பெட்டிக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

தடை நீங்கவில்லை என்பதை வைத்து முகவரி மாறவில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த இரண்டும் ஒன்றல்ல. அணைப்பதற்கு முன் எண்ணை எழுதி வைத்து, பிறகு ஒப்பிட்டால்தான் மாறியதா என்பது தெரியும். எண் மாறியும் தடை தொடர்ந்தால், அந்த முகவரி இருக்கும் வரிசை முழுவதையுமே வங்கி சந்தேகப்படுகிறது என்று ஆகும். இல்லாவிட்டால் புது முகவரியையும் உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று உடனே அழுக்காக்குகிறது என்று ஆகும்.

எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசி வாய்ப்புதான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு இதே புகாருக்காகப் போனேன். பண்டிகைக் கால நெருக்கடி, கடைக்காரர் அவசரப்படுத்தினார். நானும் காரணத்தைத் தேடாமல் முகவரியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் புதியதும் தடைப்பட்டது. மறுபடி மாற்றினேன், அதுவும் போனது. மூன்றாவது முறை போனபோதுதான் மேசைக்கு அடியில் இருந்த கேமரா ரெக்கார்டரைப் பார்த்தேன். வாங்கியபோது இருந்த கடவுச்சொல் அப்படியே இருந்தது. உள்ளே புகுந்த யாரோ அதை வைத்து இரவும் பகலும் ஊர் உலகத்துக் கணினிகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கைவிட்ட அந்த முகவரிகள் காற்றில் கரைந்துவிடாது. நிறுவனத்தின் குவியலுக்குத் திரும்பி, அடுத்து இணைக்கும் வீட்டுக்குப் போகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட உட்கார்ந்த யாரோ ஒருவருக்கு, அவர் செய்யாத தப்புக்காகக் கதவு சாத்தப்பட்டிருக்கும். அது இன்றும் என்னை உறுத்துகிறது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறோம். இதையும் அப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வாசல் கேமராவை. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதற்குப் பெரிய திறமை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைக்கும் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியது, அவ்வளவுதான். அந்த வகை நிரல் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வாழும். மின்சாரத்தை நிறுத்தினால் போய்விடும். கடவுச்சொல் பழையதாகவே இருந்தால், இணையத்தில் சேர்ந்த சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். ஆகவே வரிசை முக்கியம். கேமராவை அணையுங்கள். ஃபைபர் கம்பியை ரவுட்டர் பக்கத்தில் கழற்றிவிட்டு (கண்ணாடி இழை, மடக்க வேண்டாம், முனையை விரலால் தொட வேண்டாம்), ரவுட்டர் முகவரியை 192.168.1.1 என்று திருப்புங்கள். பிறகு கேமராவை இயக்கி, வீட்டு வைஃபை வழியாகவே அதற்குள் போய், நீளமான புதிய கடவுச்சொல்லை வையுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிடுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. ‘யுபிஎன்பி’ என்று ஒரு வசதி ரவுட்டரில் இருக்கும். அது உள்ளே இருக்கும் கருவிகள் கேட்டபோதெல்லாம் வெளிக்கதவைத் திறந்துவிடும். அதை நிறுத்துங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஃபைபரைச் செருகி, ரவுட்டருக்கும் கேமராவுக்கும் புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள்.

அடுத்தது, கைப்பேசிகளிலும் டிவியிலும் உள்ள இலவசச் செயலிகள். இலவச விபிஎன் (உங்கள் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் சேவை) என்று சொல்லிக்கொண்டு உங்கள் இணைப்பை அடுத்தவருக்கு வாடகைக்கு விடும் செயலிகள் உண்டு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பு அப்படி வளர்ந்ததுதான். 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. மோசடி செய்பவர் எங்கோ இருப்பார், கணக்கில் தெரிவது உங்கள் வீட்டு முகவரி. தங்க வருபவர்களின் கைப்பேசியிலும் இது இருக்கலாம். ஆனால் அவர்கள் இரண்டு நாளில் இறங்கிப் போய்விடுகிறார்கள், உங்கள் தொல்லை ஒரு மாதமாக விடாமல் இருக்கிறது. அதனால் வீட்டிலேயே இருக்கும் கருவியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இருந்தாலும் விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் உங்கள் கேமராவையும் கணினியையும் அணுக முடியாது. வெளி முகவரி என்னவோ இரண்டுக்கும் ஒன்றே என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டைத் துடைத்தாயிற்று என்றால், முகவரியை மாற்றலாம். ‘வான்’ பக்கத்தில் இணைப்பு வகை என்ன என்று பாருங்கள். ‘பிபிபிஓஇ’ என்று இருந்தால் ரவுட்டர் பயனர் பெயர் சொல்லி உள்ளே நுழையும் முறை அது. நுழையும்போது பெரும்பாலும் குவியலிலிருந்து ஒரு முகவரி கிடைக்கும். ‘டிஸ்கனெக்ட்’ அழுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, ‘கனெக்ட்’ அழுத்துங்கள். பழைய எண்ணுடன் ஒப்பிடுங்கள்.

‘டிஹெச்சிபி’ என்று இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதில் முகவரியைக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததுமே ரவுட்டர் தானாகக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். சுவிட்சை அணைத்தால் ரவுட்டர் ‘போய் வருகிறேன்’ என்று சொல்வதில்லை. நிறுவனத்தின் சர்வர் குத்தகை ஓடிக்கொண்டிருப்பதாகவே வைத்திருக்கும். குத்தகை முடிந்த பிறகும், அந்த முகவரி காலியாக இருந்தால் பழைய ஆளுக்கே கொடுக்கும். அப்படித்தான் விதி எழுதியிருக்கிறது. மலையில் மின்சாரம் போய்ப் போய் வந்தாலும் முகவரி மாறாமல் இருப்பது இதனால்தான். உங்கள் பத்து நிமிடமும் இங்கே போதாமல் போயிருக்கும். ‘ரிலீஸ்’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்தி முறையாக விடைபெற்று, உடனே ரவுட்டரை அணைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் இயக்குங்கள். இடையில் வேறொருவர் அதை வாங்கியிருந்தால் உங்களுக்குப் புதியது வரும்.

ரவுட்டரின் மேக் முகவரியை (கருவிக்குத் தயாரிப்பாளர் இட்ட அடையாள எண்ணை) மாற்றி எழுதினால் சர்வர் உங்களைப் புதிய ஆள் என்று நினைத்து வேறு முகவரி கொடுக்கும் என்று மகன் எங்காவது படித்திருக்கலாம். அது உண்மைதான், எல்லா இடத்திலும் செல்லாது. பல நிறுவனங்கள் உங்கள் கணக்கைப் பழைய மேக் முகவரியோடு கட்டிவைத்திருக்கும். மாற்றினால் இணைப்பே நின்றுவிடும். ஃபைபர் பெட்டியை அதன் வரிசை எண்ணால் அடையாளம் காணும் இடத்தில் மாற்றியும் பயன் இருக்காது. உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். டிஎன்எஸ் எண்களை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. அது தளங்களின் பெயரைத் தேடித் தரும் அகராதியை மாற்றுவது. உங்கள் முகவரி அப்படியே இருக்கும். விபிஎன் போட்டால் வெளித் தளங்களுக்கு வேறு முகவரி தெரியும். ஆனால் வங்கிகள் அந்த முகவரிகளையும் சந்தேகிப்பதால், உங்கள் தேவைக்கு அது உதவாது.

பொதுப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவர் நீங்கள் என்றால் மேலே சொன்ன எதையும் நம்பியிருக்க வேண்டாம். உங்கள் ரவுட்டரில் மாறுவது நிறுவனத்துக்குள் இருக்கும் எண். வெளியே தெரிவது மாறலாம், மாறாமலும் போகலாம். நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். ‘எனக்கு வெளியே தெரியும் ஐபி முகவரி இது. வங்கித் தளம் இந்த நாளில் இந்த நேரத்தில் தடுத்தது. மொபைல் டேட்டாவில் திறக்கிறது. இதைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கக் கேளுங்கள், இல்லை என்னை வேறு முகவரிக்கு மாற்றுங்கள்’ என்று எழுதி வைத்துப் படியுங்கள். தடைச் செய்தியின் படத்தையும் அனுப்புங்கள். வேறு வழி இல்லாவிட்டால் கூடுதல் மாதக் கட்டணம் கட்டி நிலையான தனி முகவரி வாங்கலாம். அறை முன்பதிவையும் பணப் பரிமாற்றத்தையும் இந்த இணைப்பை நம்பியே நடத்துகிறீர்கள் என்பதால் அந்தச் செலவு உங்களுக்குத் தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் நிலையான முகவரி அழுக்கானால் அதை மாற்றுவது எளிதல்ல. அதனால் கேமரா வேலையை முடிக்காமல் அதை வாங்காதீர்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். வீட்டு இணைப்பின் முகவரி மாறுவது அன்றாடம் நடப்பது; அதை நீங்களே செய்தாலும் குற்றம் இல்லை. எந்த நேரத்தில் எந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும். இத்தகைய கணினிப் பதிவுகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள் பாதுகாக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டிருக்கிறது. யாரோ உங்கள் இணைப்பை மோசடிக்குப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கும். அதனால் கேமராவில் வேறொருவர் நுழைந்த அடையாளம் தெரிந்தால், அதை அழிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். உங்கள் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எல்லாம் முடிந்த பின் ஒரு வாரம் காலையும் மாலையும் வங்கித் தளத்தைத் திறந்து பாருங்கள். புதிய முகவரியும் தடைப்பட்டால் இன்னொரு முறை மாற்ற வேண்டாம். வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து நீக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பல தடைப்பட்டியல்களில், தொல்லை நின்றதும் சில நாட்களில் முகவரி தானாக நீங்கிவிடும். எதை நீக்கியபோது தடை விலகியது, வான் பக்கத்தில் எந்த எண் இருந்தது என்பதை எழுதி அனுப்புங்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கடிதத்தில் எழுதாதீர்கள்.